அத்தையை மலையில் பெண் பார்த்த நாள்

என் அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அவளை உட்கார்ந்த நிலையில்தான் பார்த்தார்கள். அது அப்பாவின் ஏற்பாடு. தேவிகுளத்தில் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் லைன் வீட்டின் முன்னறையில், நாற்காலியை அடுக்களை வாசலை ஒட்டியே போட்டுவிடுவார். அத்தை ஓர் எட்டு வைத்தால் போதும், உட்கார்ந்துவிடலாம். டீத் தட்டை அம்மா கொண்டுபோவாள். சிறுவயதில் வந்த காய்ச்சலில் அத்தையின் இடது கால் சூம்பிவிட்டது. நடந்தால் உடம்பு ஒரு பக்கம் சாயும். உட்கார்ந்திருந்தால் ராணி மாதிரி இருப்பாள். பிறகு யாராவது போய்க் கால் விஷயத்தைச் சொல்லிவிடுவார்கள், பேச்சு நின்றுபோகும். சொன்னது யார் என்று அப்பா நாள்கணக்கில் துப்பறிந்துகொண்டிருப்பார்.

ஏலப்பாறையிலிருந்து ஒரு வரன் வந்தபோது, நாற்காலியில் உட்கார மாட்டேன் என்றாள் அத்தை. "அவுகள மலைக்கு வரச் சொல்லுண்ணே. சேந்து ஏறுவோம். பாக்குறவுக பாக்கட்டும்."

அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மலை எங்கள் தலைக்கு மேலேதான் இருந்தது. உச்சியில் கம்பிவேலி போட்ட ஒரு வியூ பாயிண்ட். வெளியூர்க்காரர்கள் அதற்காகவே வருவார்கள். அத்தை வேலை பார்த்த விடுதியில் அவர்களுக்கு வழி சொல்வது அவள் பொறுப்பு. "மீடியம் டிரெக்கிங்தான் சார், காலையில கெளம்புனா சாயங்காலம் எறங்கிரலாம், பிள்ளைகளும் ஏறும்" என்று போனில் சொல்லிக்கொண்டே இருப்பாள். ஆனால் அவள் ஒரு தடவைகூட ஏறியதில்லை. நாங்கள் குடும்பத்தோடு போனபோதெல்லாம், வீட்டுக்கு ஒரு ஆள் வேண்டும் என்று அவளை விட்டுவிட்டுப் போனோம். காவல் காக்கும் அளவுக்கு எங்கள் வீட்டில் என்ன இருந்ததோ தெரியவில்லை.

அந்த வாரம் முழுக்க வீட்டில் அத்தையின் திட்டம்தான். வெயில் ஏறினால் கூடவே மேகமும் ஏறிவிடும், அதனால் விடிந்ததும் கிளம்ப வேண்டும். அட்டைக் கடிக்கு உப்பும் புகையிலையும் முடிந்துகொள்ள வேண்டும். ஓடையைத் தாண்டினால் தண்ணீர் கிடையாது, அங்கேயே நிரப்பிக்கொள்ள வேண்டும். எலுமிச்சைச் சாதம் என்றால் கெடாது. எல்லாவற்றுக்கும் அப்பா தலையாட்டுவார். கடைசியில் ஒரே ஒரு திருத்தம் சொல்வார்.

"நீ மட்டும் ஜீப்புல மேல போயி பெஞ்சுல உக்காந்துக்கிடு."

மலைக்கு மறுபக்கம் ஜீப் பாதை உண்டு. அத்தை மறுநாளும், விடிந்ததும் கிளம்ப வேண்டும் என்பதிலிருந்து மறுபடி ஆரம்பிப்பாள். நான் அப்பா கட்சி. ஜீப் வந்தால் அத்தைக்குத் துணையாக எனக்கு முன்சீட்டு கிடைக்கும் அல்லவா.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் மாமாவும் வந்து சேர்ந்தார்கள். இந்தத் தடவை வீட்டுக்கு ஆளாக அம்மா நின்றுகொண்டாள். அப்பா ஒரு பையை மாட்டிக்கொண்டு அத்தையின் இடது பக்கம் ஒட்டி நடந்தார். ரோட்டில் போகும்போதெல்லாம் அவர் நடக்கிற இடம் அது. பை சரியாக அத்தையின் காலை மறைத்துத் தொங்கும். ஆனால் தேயிலைக்கு நடுவில் ஒற்றையடிப் பாதை தொடங்கியதும் ஒட்டி நடக்க இடமில்லை. அத்தை முன்னால் போய்விட்டாள். "அந்தப் பாறைக்கு அங்கிட்டு வலது பக்கம் திரும்பணும்" என்று, தான் போயிராத பாதைக்கு வழி சொல்லிக்கொண்டே, சாய்ந்து சாய்ந்து ஏறினாள்.

ஓடைக்கரையில் மாப்பிள்ளையின் அம்மா கேட்டுவிட்டார். "பொண்ணுக்குக் காலுல என்ன?"

"நேத்து லேசாச் சுளுக்கிருச்சும்மா" என்றார் அப்பா. தயாராக வைத்திருந்திருக்கிறார்.

தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்தாள். "சுளுக்கு இல்லம்மா. சின்னதுலருந்தே இப்பிடித்தான். நல்லாப் பாத்துக்கோங்க, இன்னும் பாதி மலை இருக்கு."

உச்சிக்குப் போனதும் மாமாக்காரர் போன் செய்து ஜீப்பை வரவழைத்தார். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு மூட்டுவலி என்றார். மாப்பிள்ளை வேலிக்கு அப்பால் இருந்த மேகத்தைப் பார்த்து, "அப்ப வர்றோம்" என்றார். சாதத்தை அவர்கள் தொடவில்லை. ஜீப் போவதைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. அதில் மூன்று பேர்தான் இருந்தார்கள்.

மேகம் விலகியது. அத்தை வேலியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். "நம்ம வீடு எம்புட்டுச் சின்னதா இருக்கு" என்றாள். பிறகு உட்கார்ந்து அவர்கள் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டாள். அவள் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அப்பா பள்ளத்தாக்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அத்தையின் மேல் கோபம் என்று நினைத்தேன்.

இறக்கம்தான் அவளுக்குக் கஷ்டம். தேயிலைச் செடிகளைப் பிடித்துப் பிடித்து இறங்கினாள். "என்னண்ணே, ஜீப் சொல்லவா?" என்று திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. "நட, நட" என்றார்.

கீழே ரோட்டுக்கு வந்தபோது, லைன் குழாயடியில் ஊரே நின்றது. அப்பா பையைக் கழற்றி என் தோளில் மாட்டினார். பை என் கைக்கு வந்தால் அந்த இடமும் எனக்குத்தான் என்று, நான் ஓடிப்போய் அத்தையின் இடது பக்கம் ஒட்டிக்கொண்டேன்.

"ஏட்டி, அங்க வேண்டாம். இங்கிட்டு வா, எங்கூட வா" என்று அப்பா பின்னாலிருந்து கூப்பிட்டார்.

ரோடு அகலமாகத்தான் இருந்தது. மூன்று பேர் தாராளமாகச் சேர்ந்து நடக்கலாம். குழாயடியில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அத்தை நடு ரோட்டில் தனியாக, சாய்ந்து சாய்ந்து போய்க்கொண்டிருந்தாள். நான் என்ன தப்புச் செய்தேன் என்று தெரியாமல் பையோடு பின்னால் வந்தேன்.