சத்தம் போடாத கம்பியூட்டர்

தூசி சூடாகும்போது ஒரு மணம் வரும். கருகியும் கருகாமலும், பழைய கம்பளியை ஸ்திரிக்கைப் பெட்டிக்குக் கீழே மறந்து விட்டதுபோல ஒரு மணம். கடையிலோ வேலை செய்கிற கந்தோரிலோ அது மூக்கில் பட்டால் போதும், கூடவே என் காதுக்குள் ஒரு இரைச்சலும் கிளம்பிவிடும். என்னுடைய பழைய கம்பியூட்டரின் விசிறி போட்ட இரைச்சல். அதை நான் எவ்வளவு திட்டியிருப்பேன்! இன்றைக்கு யாராவது வந்து, இந்தா பிடி உன்னுடைய இரைச்சல் என்று திருப்பித் தந்தால், கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கொள்வேன்.

சாமான் விலையெல்லாம் ஒரேயடியாக ஏறி, ஏறின இடத்திலேயே குந்திக்கொண்ட காலம் அது. நாங்கள் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில் மாடி வீட்டில் இருந்தோம். இப்போதும் அங்கேதான். ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியாது, கடலின் உப்பு மட்டும் தாராளமாக உள்ளே வரும். கதவுப் பூட்டைத் தின்று, சாமிப் படம் மாட்டின ஆணியைத் தின்று, கடைசியில் அந்த உப்பு என் கம்பியூட்டருக்கும் வந்து சேர்ந்திருந்தது. எங்கோ ஒரு கந்தோரை இழுத்து மூடியபோது மலிவாக விற்ற சின்னப் பெட்டி அது. கணக்கு எழுதப் பிறந்தது. அதில் நான் லொறி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஐம்பதை எட்டிப் பார்க்கிற மனுசனுக்குக் கம்பியூட்டர் விளையாட்டு என்னத்துக்கு என்று கேட்பீர்கள். என் மனைவியும் கேட்டாள். "இஞ்சருங்கோ, மரக்கறி வாங்கப் பஸ்சில போறீங்கள். வீட்டுக்குள்ள மட்டும் பெரிய லொறியோ?" என்பாள்.

காரணம் என் தம்பி. கனடாவில் இருக்கிறான். எங்கள் அம்மா கண்ணை மூடியபோது அவனுடைய பேப்பர்கள் சரிவந்திருக்கவில்லை, வரமுடியவில்லை. மயானத்தில் என் மனைவி போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்க, அந்தச் சின்னக் கண்ணாடிக்குள்தான் அவன் அம்மாவை வழியனுப்பினான். அதற்குப் பிறகு எங்கள் போன் கதைகள் ஒவ்வொன்றாக மெலிந்துபோயின. சாப்பிட்டியா, அங்கே பனியா, இங்கே மழை. பிறகு இரண்டு பக்கமும் மூச்சு மட்டும் கேட்கும். "சரி, வைக்கட்டா அண்ணை?" என்பான்.

அப்படி ஒருநாள் அவனே சொன்னான். "அண்ணை, சும்மா போனைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறதிலும் பார்க்க, ரெண்டு பேருமாச் சேர்ந்து ஓடுவமே?"

அதுதான் அந்த விளையாட்டு. ஆளுக்கொரு லொறி. சரக்கு ஏற்றிக்கொண்டு ஊரூராகப் போகவேண்டும், வேறு ஒன்றுமே இல்லை. சுடுவதில்லை, வெல்வதில்லை. எனக்கு ஞாயிறு காலை, அவனுக்குச் சனி இரவு. அவன் முன்னால் போவான், நான் பின்னால். அவனுடைய வண்டியின் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்தபடி, தெரியாத நாட்டுத் தெரியாத மலைகளுக்குள்ளே போய்க்கொண்டிருப்பேன். காதில் ஹெட்செட். முகத்தை முகம் பார்க்கத் தேவையில்லை, ரோட்டைப் பார்த்தால் போதும். ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் மனுசனுக்கு வாய் திறக்கிறது. போனில் சொல்ல வராததையெல்லாம் அந்த ரோட்டில் நான் சொன்னேன். அம்மாவுக்குக் கடைசியில் சோறு இறங்காமல் போனது. என்னை ஆள் தெரியாமல் அவனுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. அவனுடைய பழைய சேர்ட்டைத் தலையணைக்குக் கீழே வைத்திருந்தது. நான் சொல்லச் சொல்ல அவன் "ம்" என்பான். இடைக்கிடை, "முன்னுக்கு வளைவு, பார்த்து" என்பான்.

அந்த "ம்" எனக்குப் பெரிய ஆறுதல். கேட்டுக்கொண்டு வருகிறான் என் பிள்ளை என்று நினைப்பேன்.

எங்கள் ஒழுங்கையின் முடிவில் ரயில் பாதை. ரயில் போனால் ஜன்னல் கண்ணாடி அதிரும். ஆரம்பத்தில் அது அவனுக்கும் கேட்கும். "அது எங்கட கோச்சியா அண்ணை?" என்று கேட்பான். ஓமடா என்பேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசமாட்டோம். அது நல்ல மௌனம்.

பிறகு விளையாட்டைப் புதுப்பித்தார்கள். மலைகள் இன்னும் அழகாயின, என்னுடைய பெட்டிக்கு மூச்சு முட்டியது. விசிறி ஆட்டோப்போல அலறும். ரோடு வருவதற்கு முன்னால் லொறி போய்விடும். சாம்பல் நிற வெறுமைக்குள் நான் ஓடிக்கொண்டிருப்பேன், பாலம் பிந்தி வந்து முளைக்கும். கொஞ்சத் தூரத்தில் எல்லாம் அப்படியே உறைந்து நின்றுவிடும். திரும்பப் போடுவதற்குள் அவனுக்கு நித்திரை நேரம் வந்துவிடும்.

புதிது வாங்கப் போகிறேன் என்றேன். அவன் உடனே மறித்தான். "வேண்டாம் அண்ணை, பழசே காணும், அது போதும். நிண்டா நிக்கட்டும். இந்த விலைக்குச் சும்மா காசைக் கரைக்காதையுங்கோ."

அன்றைக்கு மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். பார், அங்கே இருந்துகொண்டும் இங்கத்தை விலைவாசி அவனுக்குத் தெரிகிறது என்று.

முதலில் பழையதையே சீர்செய்யப் பார்த்தேன். பம்பலப்பிட்டியில் மாடிக்கு மாடி கம்பியூட்டர் கடைகள் அடுக்கின கட்டடத்துக்கு, பெட்டியைத் துவாயால் சுற்றித் தூக்கிக்கொண்டு போனேன். எல்லோரும் நானா என்று கூப்பிடுகிற கடைக்கார முஸ்லிம் அண்ணர் மூடியைக் கழற்றி, உள்ளே ஊதி, எழுந்த புழுதியில் தானே தும்மிவிட்டுச் சொன்னார்:

"சேர், இது கந்தோர்ப் பொட்டி. நீங்க செல்ற கிராபிக்ஸ் கார்ட் இதுக்குள்ள போகாது. தலகாணிய நெருப்புப் பொட்டிக்குள்ள போடேலுமா?"

"எப்படியாவது சமாளிச்சுப் போட ஏலாதா நானா?"

"போட்டாலும் பவர் சப்ளை தாங்காது. நீங்க பட்டனத் தட்டினா உங்கட மாடி முழுக்க இருட்டா ஈக்கும். பொறகு பக்கத்து வீட்டுக்காரர் எனக்குத்தான் ஏசுவார்."

புதிதாக முழுவதும் வாங்கினால் என்ன விலை என்று கேட்டேன். சொன்னார். துவாயைத் திரும்பச் சுற்றிக்கொண்டேன். என் முகத்தைப் பார்த்து இரங்கியவர்போல் மெதுவாகச் சொன்னார். "வெளிநாடு போறவங்கட விளம்பரத்தப் பாருங்க சேர். இப்ப நல்ல மெஷின் எல்லாம் அங்கதான் ஈக்கி. நாடே விக்கிது."

உண்மைதான். போனைத் திறந்தால் அந்த விளம்பரங்கள்தான். கட்டில், குளிர்சாதனப் பெட்டி, மோட்டார் சைக்கிள், கிட்டார், கம்பியூட்டர். எல்லாவற்றுக்கும் கீழே ஒரே வசனம்: நாட்டை விட்டுப் போவதால் அவசர விற்பனை. ஊர் ஊராகக் கழன்று போய்க்கொண்டிருந்த அந்தச் சந்தையில்தான், கொட்டாஞ்சேனையில் ஒரு பெண் தன் கம்பியூட்டரை விற்பதாகப் போட்டிருந்தாள். முப்பதைத் தாண்டியிருப்பாள். ஜப்பானுக்கு, வயசானவர்களைப் பார்க்கிற வேலைக்குப் போகிறாளாம். போய்ப் பார்த்தேன். ஒரே அறை; ஒரு பக்கம் அம்மாவின் கட்டில், மறுபக்கம் வாய் திறந்து கிடந்த சூட்கேஸ், நடுவில் கறுப்புப் பெட்டியாகக் கம்பியூட்டர். தூரத்தில் கோயில் மணி அடித்தது, மாதா கோயில் மணி.

"உக்காந்து ஓட்டிப் பாருங்கண்ணே," என்று கதிரையைத் தள்ளினாள். ஓட்டினேன். மலைகள் சரியான நேரத்துக்கு வந்தன. பாலங்கள் எனக்கு முன்பே போய்க் காத்து நின்றன. மழை பெய்தது, கண்ணாடியில் துளித்துளியாக இறங்கியதைப் பார்த்து வாயைத் திறந்தபடி இருந்தேன்.

"ஓடுதா? ஓடிக்கொண்டுதான் இருக்குதா?" என்று பெட்டியைத் தட்டிக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லையே.

அவள் சிரித்தாள். "காதைக் கிட்ட வச்சுக் கேளுங்க. நான் வேலை முடிஞ்சு வந்து விளையாடுவேன், அம்மா பக்கத்துல தூங்கும். சத்தம் வந்தா செருப்பு பறக்கும். அதான் ஃபேன் எல்லாத்தையும் மாத்திட்டேன். யாரு கூட விளையாடப் போறீங்க?"

"தம்பியோட. கனடாவில."

"குடுத்து வச்சவருண்ணே நீங்க. என் தம்பி பக்கத்து வீட்ல இருக்கான், பேசுறதே இல்ல."

நான் வெளிக்கிடும்போது தன்னுடைய ஹெட்செட்டையும் கையில் தந்தாள். சூட்கேசில் இடமில்லையாம். "இதுல ஊசி விழுந்தாலும் கேக்கும்," என்றாள்.

எங்களுடைய சீட்டுக் காசு அதோடு முடிந்தது. மனைவி ஏசவில்லை. "உங்கட தம்பியோட கதைக்கத்தானே," என்றாள். ஆட்டோவில் அந்தப் பெட்டியை மடியில் வைத்து, ஒவ்வொரு பள்ளத்துக்கும் கையால் அணைத்துக்கொண்டு, காலி நகருக்குப் போகிற அந்தக் காலி வீதி முழுவதும் வந்தேன். வீட்டில் இறக்கி, உப்புப் படாமல் ஒரு மூலை பார்த்து வைத்தேன்.

அந்த ஞாயிறு காலை. "தம்பி, புதுசு வந்திட்டுது!" என்றேன்.  "ஓ... நல்லம் அண்ணை," என்றான்.

ஓடினோம். என்னுடைய வண்டி நிற்கவில்லை, திணறவில்லை. அவனுடைய சிவப்பு வெளிச்சம் நழுவவே இல்லை. அம்மாவின் திவசம் வருகிறது, இந்த முறை அவளுக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு வைக்கவேண்டும் என்று சொன்னேன். "ம்," என்றான். எண்ணெய் அடிக்கிற இடத்தில் இரண்டு லொறிகளையும் நிறுத்தினோம். "ஒரு நிமிசம் அண்ணை, தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வாறன்," என்று அவன் எழும்பினான்.

முன்பும் அவன் இப்படி எழும்பிப் போவான். அப்போதெல்லாம் என் காதில் என் விசிறியின் இரைச்சல்தான் இருக்கும். இப்போது கேட்டது. கதிரையின் சில்லு உருண்டது. செருப்புச் சத்தம் தூரப் போனது. ஏதோ ஒரு கதவு திறந்து மூடியது. கோப்பைக்குள் கரண்டி சுற்றியது. நான் ஒருநாளும் பார்க்காத என் தம்பியின் வீடு. கண்ணை மூடிக்கொண்டேன். இங்கே மேசை, அங்கே அடுப்பு, இந்தப் பக்கம் ஜன்னல், வெளியே பனி என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். அந்த வீட்டுக்குள் நான் போய் நின்றேன். அவ்வளவு சந்தோசமாக இருந்தது.

அவனுடைய மனைவியின் குரல் கேட்டது. "இன்னும் முடியேல்லையா? இந்நேரம் அண்ணையின்ர கம்பியூட்டர் நிண்டிருக்குமே?"

தம்பி சிரித்தான். "அண்ணை புதுசு வாங்கிட்டாரப்பா. பழசெண்டா கொஞ்ச நேரத்தில நிண்டு போகும், நானும் தப்பிடுவன். இனி இருந்துதான் ஓடவேணும்."

"வேலை இருக்கெண்டு சொல்லுங்கோவன்."

"சொன்னா போன் எடுப்பார். போனெண்டாலும் அம்மான்ர கதைதான், இதெண்டாலும் அம்மான்ர கதைதான். இதிலயெண்டா சத்தத்தைக் குறைச்சுப்போட்டு, 'ம்' எண்டு சொல்லிக்கொண்டு ஓடலாம்."

கரண்டி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தான். "வந்திட்டன் அண்ணை. எடுப்பமா?" என்றான். எடுத்தேன். கொஞ்சத் தூரம் அவனுக்குப் பின்னாலேயே போனேன். வேறு என்ன செய்வது? மழை பெய்துகொண்டிருந்தது, துளித்துளியாக, மிகவும் நேர்த்தியாக. அப்போது எங்கள் ஒழுங்கையின் முடிவில் ரயில் போனது. ஜன்னல் அதிர்ந்தது. மேசையில் இருந்த தண்ணீர்க் குவளையும் நடுங்கியது. நான் காத்திருந்தேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை.

அவன் கடைசியாக எப்போது அந்தக் கோச்சியைப் பற்றிக் கேட்டான் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் ஓடவில்லை. ஒருவருக்கும் கோபமில்லை, ஒருவரும் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. கம்பியூட்டர் மூலையில் துணி போர்த்திக்கொண்டு இருக்கிறது. இடையில் கந்தோர் வேலைக்குத் திறந்தால் சத்தமே இல்லாமல் வேலை செய்கிறது, அவ்வளவு நல்ல சாமான். தம்பியை நான் குறைசொல்லவில்லை. போனின் சின்னக் கண்ணாடிக்குள் அம்மாவை எரித்தவன் அவன். அந்தக் கண்ணாடியை நான் கிழமைக்குக் கிழமை அவன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன் போல. இப்படிச் சொல்லி மனதை ஆற்றப் பார்க்கிறேன், ஆறுவதில்லை. ஒரு மனுசன் தன்னைக் கேட்கிறார்கள் என்று நம்புவதற்கும் கொஞ்சம் இரைச்சல் வேண்டியிருக்கிறது. அதை நானே விலைகொடுத்து நிறுத்திப்போட்டேன்.

அன்றைக்கு, அந்த மழைக்குள் லொறியை நானேதான் ஓரமாக நிறுத்தினேன். அவனுடைய சிவப்பு வெளிச்சம் சிறுத்துக்கொண்டே போனது.

"என்னண்ணை, நிண்டிட்டீங்கள்?"

"இதுவும் இறுகி நிண்டிட்டுதடா."

"நான் அப்பவே சொன்னனான் அண்ணை. பழசே காணுமெண்டு."

"ஓம் தம்பி. நீ சொன்னது சரி. வைக்கிறன்."