கோர்ட் கொடுத்த பிள்ளைகள்

பெற்ற மகளுக்கு ஒருநாள்கூட நேரத்துக்கு டிபன் கட்டித் தராத நான், கோர்ட் உத்தரவுப்படி ஊரார் பிள்ளைகளுக்குக் காப்பாளர்.

விஷயம் இதுதான். வழக்கில் மைனர் பிள்ளை ஒன்று மாட்டிக்கொண்டு, பெற்றவர்களும் உறவுக்காரர்களும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால், பிள்ளையின் பக்கம் பேச ஒரு வக்கீலை நீதிபதி நியமிப்பார். 'கோர்ட் கார்டியன்' என்று பெயர். ஓசூர் வட்டாரத்தில் அந்தப் பட்டியலில் பல வருஷமாக என் பெயரும் இருக்கிறது. இதே பட்டியலில் சிக்கியிருக்கும் சக வக்கீல்களே, கீழே உள்ளவை உங்களுக்கும் நடந்திருக்கும். நடக்காவிட்டால் பொறுங்கள், நடக்கும்.

மைனரைத் தேடி

தளிப் பக்கம் ஒரு பாகப்பிரிவினை வழக்கு. ஆறாவது பிரதிவாதி லட்சுமி, வயது ஒன்பது. முதலில் நியமித்த வக்கீல் தொழிலையே விட்டுப் போய்விட, வழக்குக் கட்டு என் கைக்கு வந்தது. பிள்ளையை நேரில் பார்க்காமல் நான் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. ஒன்பது வயதுக்கு ஏற்றதாக ஒரு கலர் பென்சில் டப்பா வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

முட்டைக்கோஸ் தோட்டத்துக்கு நடுவில் வீடு. "யாரு பேக்கு?" என்று, யார் வேண்டுமெனக் கன்னடத்தில் கேட்டபடி, இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். மைனர் லட்சுமியைப் பார்க்க வேண்டும் என்றேன். "நான்தாங்க" என்றாள். வழக்குப் போட்ட வருஷத்தை அப்போதுதான் கட்டில் பார்த்தேன். எத்தனையோ வாய்தா, எத்தனையோ பேர் அந்தக் கட்டைப் புரட்டியிருக்கிறோம், அவள் வளர்ந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. இனி நீயே வக்கீல் வைத்துக்கொள்ளலாம், என்னை விடுவிக்கச் சொல்லி மனு போடுகிறேன் என்று விளக்கினேன். அதற்குள் குழந்தை பென்சில் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டது. லட்சுமி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"எனக்குக் கார்டியன் வேணாங்க மேடம். பெரியவளுக்கு ஸ்கூல் ஃபாரத்துல கார்டியன் கையெழுத்து கேக்கறாங்க, வந்ததுக்கு அதைப் போட்டுட்டுப் போங்க."

மீன்தொட்டி

மத்திகிரியில் ஒரு கணவன் மனைவி. இருவருக்கும் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. அவர் வீடு திரும்பும்போது இவர் கிளம்பியிருப்பார். சண்டை போடக்கூட நேரமில்லாமல் பிரிந்தவர்கள், எட்டு வயது மகள் ரம்யா யாரிடம் வளர்வது என்று வழக்காட மட்டும் நேரம் கண்டுபிடித்தார்கள். இரண்டு வீட்டையும் பார்த்து அறிக்கை தரச் சொன்னார் நீதிபதி.

அப்பா வீட்டில் புது மெத்தை, புது மேசை, குமிழி விடும் மீன்தொட்டி. மேசையின் பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை. ரம்யாவின் புத்தகப்பை எங்கே என்று கேட்டேன். எதிர்வீட்டு ஷாஹிதா அக்காவிடம் இருந்தது. இரண்டு தெரு தள்ளி அம்மா வீட்டுக்குப் போனேன். அங்கே மீன்தொட்டிக்குப் பதில் புது சைக்கிள்; சீருடை, காய்ச்சல் மருந்து எல்லாம் அதே ஷாஹிதா அக்கா வீட்டில். பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குச் சோறு போட்டுப் பாடம் கேட்கிற அந்த அம்மாள் பெயர் வழக்கில் எங்கும் இல்லை.

கிளம்பும்போது வாசல்வரை வந்து ரம்யா ஒன்று சொன்னாள். அதை எழுத்து மாறாமல் அறிக்கையின் கடைசி வரியாகச் சேர்த்தேன். அதைப் படித்த நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, பெற்றோர் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். இருவரும் ஷிப்டை மாற்றிக் கேட்டு வாங்கியது அதன் பிறகுதான். அந்த வரி:

"ஆன்ட்டி, வாராவாரம் வாங்க. நீங்க வந்தாதான் அப்பா லீவு போடறாரு."

மனப்பாடம்

பிள்ளை யாரிடம் வளர்வது என்று இன்னொரு வழக்கு. யுகேஜி படிக்கும் சிறுமியை நீதிபதி அறைக்கு அழைத்துப் போகுமுன், வராந்தாவில் உட்கார்ந்து அவளிடம் பேச்சுக் கொடுத்தேன். பயப்படாதே, ஜட்ஜய்யா கேட்டால் மனதில் இருப்பதைச் சொன்னால் போதும் என்றேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு, பேச்சுப் போட்டிக்கு நிற்பதுபோல் நிமிர்ந்து நின்று கேட்டாள்:

"அம்மா சொல்லிக் குடுத்ததா, அப்பா சொல்லிக் குடுத்ததா மிஸ்? ரெண்டும் நல்லாத் தெரியும்."

நிலம்

இது சிரிப்பதற்கில்லை. பெற்றோர் இருவரையும் விபத்தில் இழந்த பவித்ரா, சித்தப்பா வீட்டில் வளர்ந்தாள். பிளஸ் ஒன் படிக்கிறாள். ஜூஜுவாடிப் பக்கம் அவள் அப்பா பெயரில் கொஞ்சம் நிலம். அவளுடைய மேற்படிப்புக்காக அதை விற்க அனுமதி வேண்டும் என்று சித்தப்பா மனுப் போட்டார். விற்பது பிள்ளைக்கு நல்லதா என்று பார்த்துச் சொல்லும் வேலை எனக்கு.

பள்ளியில் தனியாகச் சந்தித்து, மேற்படிப்புக்காக நிலத்தை விற்கச் சம்மதமா என்றேன். "எனக்கு நெலம் இருக்குதா மேடம்?" என்றாள். தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, ஆட்டோவில் கூட்டிப்போய்க் காட்டினேன். பக்கத்தில் எல்லாம் கிடங்கும் லாரியும். நடுவில் சீமைக்கருவேல் மண்டிய ஒரு துண்டு நிலம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள், முள் குத்தியது, திரும்பி வந்து போட்டுக்கொண்டாள். நான்கு மூலைக்கும் நடந்து பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து, "நர்ஸிங் படிக்க நெலத்தை விக்கணுமா மேடம்? கவர்மென்ட் காலேஜ்ல சேர முடியாதா?" என்றாள். முடியும் என்றேன்.

விற்க வேண்டாம் என்று அறிக்கை கொடுத்தேன்; மனு தள்ளுபடியானது. வீட்டில் சித்தி அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஒரு மாதத்தில் அவளை அரசு விடுதியில் சேர்க்க வேண்டிவந்தது. நான் எழுதிய அறிக்கை சரிதான். ஆனால் தகரப்பெட்டியோடு விடுதி வாசலில் அவள் நின்றது இன்னும் என்னை உறுத்துகிறது. அப்புறம் ஒருநாள் கோர்ட் கேன்டீனில் சித்தப்பா எதிரே வந்தார். கோபமில்லை, நிஜமாகவே வருத்தம்.

"அந்தப் புள்ள எங்க வூட்ல இத்தன வருசமா நிம்மதியா இருந்துச்சு மேடம், நீங்க வந்து அதுக்கு நெலம் இருக்குதுன்னு சொல்லிக் கெடுத்துட்டீங்க."

பெற்ற பிள்ளை தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன் என்பார்கள். கோர்ட் கொடுத்த பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்தால், நமக்கு அது முடிந்துபோன கட்டு, அதற்கு நாம் எங்கேயோ பார்த்த முகம்.