மதினி சொன்ன இருபது கண்டி

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். வெளியிலிருந்து வரும் பஞ்சின் இழை நீளம், உறுதி, அதில் கலந்திருக்கும் தூசி எல்லாவற்றையும் மெஷினில் வைத்துப் பார்த்து எழுதிக் கொடுப்பது என் வேலை. வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் திரும்புவேன்.

மில்லில் பஞ்சைக் கண்டிக் கணக்கில்தான் பேசுவோம். ஒரு கண்டி என்றால் முந்நூற்று ஐம்பத்தைந்து கிலோ அறுநூற்று இருபது கிராம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அது மனப்பாடமாகிவிட்டது. வேறொரு கண்டி இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

என் கணவரின் அக்கா மகாராஜபுரத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவர். நான் மதினி என்று கூப்பிடுவேன். எட்டாவதோடு படிப்பு நின்றுபோனது. இரண்டு ஏக்கர் மானாவாரியில் பருத்தி போடுகிறார். புளி சீசனில் புளி வாங்கி விற்பார். கணக்கு அவருக்கு நாக்கு நுனியில் இருக்கும். பேப்பர், பேனா தேட மாட்டார்.

மூன்று வருஷத்துக்கு முன் ஊரில் பருத்தி போடும் பெண்கள் முப்பது பேரைச் சேர்த்து ஒரு குழு ஆரம்பித்தார். அதுவரை களத்துக்கு வரும் வியாபாரி அவர் தராசிலேயே நிறுத்து அள்ளிக்கொண்டு போவார். இனிமேல் பருத்தியை நாமே ஜின்னிங் பேக்டரிக்குக் கொண்டுபோய், கொட்டை நீக்கிப் பஞ்சாக்கி, பொதிகளாகப் பேல் கட்டி, நேராக மில்லுக்கே கொடுப்போம் என்று அந்த வருஷம் முடிவு செய்தார்கள். எங்கள் மில்லில் கேட்டுப் பார்க்கலாமா என்று மதினி என்னிடம் கேட்டார். பஞ்சு வாங்கும் அதிகாரியிடம் போய், இவர் என் நாத்தனார் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர்கள் பஞ்சு வந்தால் பரிசோதனையில் என் கை படாது என்றும் சொன்னேன். வரச் சொல்லுங்கள் என்றார்.

போவதற்கு முந்தின நாள் மதினி போனில் கேட்டார்: "ஏட்டி, அங்கே கண்டியிலதான பேசுவாக?"

"ஆமா மதினி, கண்டிதான்" என்றேன். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

மறுநாள் அதிகாரி எவ்வளவு தர முடியும் என்று கேட்டதும், மதினி யோசிக்காமல் இருபது கண்டி என்றார். முன்பே கொடுத்திருந்த மாதிரிப் பஞ்சு பரிசோதனையில் தேறியிருந்தது. அதிகாரி எழுதிக்கொண்டார். அன்று மதியம் கேன்டீனில் மதினிக்கு நான் சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன். இருவருக்கும் பெரிய சந்தோஷம்.

நான்கு நாள் கழித்து ஆர்டர் கடிதத்தின் நகல் என் வீட்டுக்கு வந்தது. மதினியும் அன்று வந்திருந்தார். வாசித்துக் காட்டினேன். இருபது கண்டி என்று மட்டுமே எழுதியிருந்தது; அதாவது ஏழாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு கிலோ என்று நான்தான் சேர்த்துச் சொன்னேன். மதினி சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"எத்தன கிலோன்ன?"

திரும்பச் சொன்னேன். ஒரு கண்டிக்கு எத்தனை கிலோ என்று மதினி கேட்டார். பிறகுதான் விஷயம் புரிந்தது. புளியும் கருப்பட்டியும் அவர்கள் ஊரில் இன்னும் மணங்குக் கணக்கில்தான் கைமாறும். ஒரு மணங்கு பதினொன்றேகால் கிலோ. இருபது மணங்கு ஒரு கண்டி. அப்படியானால் மதினியின் கண்டி இருநூற்று இருபத்தைந்து கிலோ. அவர் மனதில் இருந்த இருபது கண்டி நான்காயிரத்து ஐந்நூறு கிலோதான். முப்பது பேருடைய பருத்தியையும் அரைத்தால் கிடைப்பது அவ்வளவுதான். இரண்டாயிரத்து அறுநூறு கிலோவுக்கு மேல் பஞ்சு குறைந்தது.

எந்தக் கண்டி என்று போனில் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டியது நான். மதினி என்னைக் குறை சொல்லவில்லை. ரெண்டு பேருமே அவரவர் கண்டியை மட்டுமே கண்டி என்று நினைத்துவிட்டோம் என்றார். என் கணவர், யாரையாவது விட்டுப் பேசிச் சமாளிக்கலாம் என்று ஆரம்பித்தார். மதினி கையை அசைத்து அவரை நிறுத்தினார்.

மறுநாள் காலையில் என்னோடு அவரும் பஸ் ஏறினார். அதிகாரியின் மேஜை முன்னால் நின்று, நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். அதிகாரி சிரிக்கவில்லை. அவருக்கும் இது புதிதாக இருந்தது. ஆனால் அவருக்கும் ஒரு சிக்கல். நான்காயிரத்து ஐந்நூறு கிலோ மில் கணக்கில் பன்னிரண்டரைக் கண்டிதான், அதை மட்டும் தனியாக ஓட்ட முடியாது, மெஷினுக்கு அது போதாது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்.

"அடுத்த வருசம் வேண்டாம் சார்" என்றார் மதினி. "மூணு வாரம் குடுங்க. உங்க கண்டியிலயே இருபது கொண்டாரேன். சரக்கு கொறஞ்சா, தரம் கொறஞ்சா, நீங்க எடுக்க வேண்டாம்."

அதிகாரி சரி என்றார். வெளியே வந்து, எப்படி முடியும் மதினி என்று கேட்டேன். நடந்துகொண்டே பதில் சொன்னார்: நூறு கிலோ பருத்திக்கு முப்பத்துநாலு கிலோ பஞ்சு தேறும்; அப்படியானால் இன்னும் எழுபத்தேழு குவிண்டால் பருத்தி வேண்டும். பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் எந்தெந்த ஊருக்குப் போவது என்பதுவரை முடிவாகிவிட்டது.

அடுத்த பத்து நாள் மதினி வீட்டில் தங்கவில்லை என்றே சொல்லலாம். தளவாய்புரம் பக்கம் போனார், ஆலங்குளத்துக் கரிசல் காட்டுக்குப் போனார். தங்கள் ஊரில் போட்ட அதே ரகப் பருத்தியா என்று முதலில் கேட்பார். கையை விட்டு அளைந்து ஈரம் பார்ப்பார். ஒவ்வொரு ஊரிலும் பெண்களை உட்கார வைத்து, குவிண்டாலுக்கு எவ்வளவு பஞ்சு, எத்தனை குவிண்டால் சேர்ந்தால் மில் கண்டி ஒன்று என்று விளக்குவார். பத்தரைக் குவிண்டால் பருத்தி போனால்தான் ஒரு மில் கண்டி என்று கேட்டதும், இத்தனை வருஷம் இது தெரியாமலே விற்றோமே என்று ஒரு பெண் சொன்னாராம். அந்த ஊரிலிருந்து மட்டும் பதினைந்து குவிண்டால் வந்தது.

கடைசியில் ஒன்பது குவிண்டால் குறைந்தது. அது ஆலங்குளத்துப் பக்கம் ஒரு வீட்டில் இருந்தது. ஆனால் பிளாஸ்டிக் உரச் சாக்கில் கட்டி வைத்திருந்தார்கள். சாக்கின் நார் பருத்தியில் ஒட்டியிருந்தது. பஞ்சோடு அது சேர்ந்தால் நூலிலும் துணியிலும் வந்து நிற்கும். எங்கள் மில்லில் அதற்கு மன்னிப்பே கிடையாது. மதினி போனில் இதைச் சொன்னபோது, எடுக்காதீர்கள் என்றேன். நாள் இல்லை, அப்படியே கலந்துவிடலாம் என்று குழுவிலேயே சிலர் சொன்னார்கள். மதினி இரண்டையும் கேட்கவில்லை. பருத்தியைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்து, தார்ப்பாயில் பரப்பி, குழுப் பெண்களோடு நார் நாராகப் பொறுக்க உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். வெள்ளைப் பருத்தியில் வெள்ளை நாரைக் கண்டுபிடிப்பது லேசில்லை. மதினி என் பக்கத்தில் இருந்தார். பொறுக்கிய நாரையெல்லாம் ஒரு டம்ளரில் போட்டுக்கொண்டே வந்தார். சாயங்காலம் டம்ளர் பாதிகூட நிறையவில்லை.

"இம்புட்டுக்கா மதினி இத்தன பாடு?" என்று கேட்டுவிட்டேன்.

"அம்புட்டு போதும்லா, முப்பது பேரு பேரக் கெடுக்க" என்றார், தலை நிமிராமல்.

மூன்றாவது வாரக் கடைசியில் லாரி வந்தது. நாற்பத்திரண்டு பேல். மில்லின் எடைமேடையில் ஏறி இறங்கியபோது நிகர எடை ஏழாயிரத்து நூற்று முப்பது கிலோ என்று ஸ்லிப் வந்தது. இருபது கண்டிக்கு மேலேயே பதினேழு கிலோ இருந்தது. மதினி ஸ்லிப்பை வாங்கிப் பார்த்துவிட்டு, ஊரில் காத்திருந்தவர்களுக்குப் போன் போட்டார்.

"வந்துருச்சுட்டி. நம்ம மணங்குல அறுநூத்தி முப்பத்து மூணே முக்கா" என்றார். எடைமேடைக் குமாஸ்தா சந்தேகப்பட்டு, மணங்குக்கு எத்தனை கிலோ என்று என்னிடம் கேட்டுக் கால்குலேட்டரைத் தட்டினார். அதிலும் அறுநூற்று முப்பத்து மூன்றே முக்காலுக்கு ஒரு துளி மேலாகத்தான் வந்தது. அவர் என்னைப் பார்த்தார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துகொண்டது.

பஞ்சைப் பக்கத்து மேஜைக்காரர் சோதித்தார். நான் அந்தப் பக்கமே போகவில்லை. முடிவைப் பார்க்க மட்டும் போனேன். அந்த வாரம் வந்த சரக்குகளிலேயே தூசி மிகக் குறைவாக இருந்தது அதில்தான். பிளாஸ்டிக் நார் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தது. நான் எத்தனையோ ரிப்போர்ட் எழுதியிருக்கிறேன். ஒரு ரிப்போர்ட்டை நின்றபடி மூன்று முறை வாசித்தது அன்றுதான்.

அதிகாரி மதினியை உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். அடுத்த சீசனுக்கும் தருவீர்களா என்று கேட்டார். மதினி டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "தாரோம் சார். ஆனா பேப்பர்ல கண்டியோட கிலோவையும் சேத்து எழுதுங்க. எங்களுக்கு மட்டுமில்ல, பொறவு வாரவங்களுக்கும்."

இப்போது எங்கள் மில்லில் விவசாயக் குழுக்களுக்குப் போகும் எல்லா ஆர்டரிலும் இரண்டும் இருக்கிறது. குழுவில் நாற்பத்தெட்டுப் பேர் ஆகிவிட்டார்கள். போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் மில்லுக்கு வந்தபோது, எங்கள் அதிகாரிக்கே மில் கண்டி ஒன்றுக்கு எத்தனை மணங்கு என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்.