அண்ணாச்சியின் காலும் ஹஃப்சாவின் கம்பியும்

டோல்கேட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் ஹஃப்சா என்று விசாரித்தால் யோசிப்பார்கள். 'கார்ப்பரேட்டர் அக்கா' என்றால் கையோடு கூட்டிவந்து அவளுடைய மெக்கானிக் ஷெட்டிலேயே விட்டுவிடுவார்கள். புர்காவை ஆணியில் மாட்டி, சல்வாருக்கு மேல் புருஷன் நசீரின் பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டாள் என்றால் அப்புறம் அவளிடம் அரட்டை செல்லாது. வேலையைப் புகழ்ந்தால் மட்டும் நின்று கேட்பாள்.

"ஹார்பர்ல ஒரு கண்டெய்னரை எறக்கி வெச்சிட்டு இவுரு ஊரெல்லாம் சொல்லிகினு வர்றாரு. செத்த வண்டிய நான் எழுப்பி வுடறேன், சொல்லக்கூடாதா?" என்பாள். கிரேன் ஓட்டும் நசீர் சிரித்துக்கொண்டே மீனைக் கழுவுவான். ஷிஃப்ட் முடிந்து வந்து மீன் குழம்பு வைப்பது அவன்தான். அந்தப் பெருமை அவனுக்குப் போதும்.

அப்பேர்ப்பட்டவளைத்தான் கயிற்றுக் கடை ஜெபசிங் அண்ணாச்சியின் பிளிமத் கார் படுத்தி எடுத்தது.

அது கிளட்ச் இல்லாத பழைய அமெரிக்க வண்டி. ஆக்சிலேட்டரை அமுக்கினால் த்ராட்டில் திறக்கும். கூடவே ஒரு கம்பி கியர்பாக்ஸுக்கும் சேதி சொல்லும். அடிமட்டம் வரை அமுக்கினால் கியர் ஒரு படி இறங்கி, வண்டி பாயும். அதுதான் கிக்டவுன். ஹஃப்சா ஓட்டும்போது அது பாய்ந்தது. அண்ணாச்சி ஓட்டும்போது முனகியதோடு சரி. அவளும் கம்பியைக் கூட்டிக் குறைத்து, கையால் த்ராட்டிலை முழுக்கத் திறந்து பார்த்துச் சரி என்று அனுப்புவாள். அவர் திரும்பி வருவார்.

"ஏ தங்கச்சி, ஒன் காலுக்கு மட்டும்தான் ஓடுமா? அப்போ என் காலக் கழத்தி மாட்டு" என்றார் அண்ணாச்சி. "மெக்கானிக் திருமுருகன் டீசல் இஞ்சின் வெச்சிருக்கான். கையால மாத்துற கியர்பாக்ஸோட மாட்டித் தாரேங்கான். இன்னைக்கும் இழுக்கலன்னா வண்டிய நேரா அங்கதான் விடப்போறேன், பாத்துக்க."

அந்த கியர்பாக்ஸை முழுக்கப் பிரித்து, ஒவ்வொரு வளையத்தையும் தன் கையால் கழுவிப் பூட்டியவள் ஹஃப்சா. அதைக் கழற்றினால் நாளைக்கே பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும்.

"நீயே ஓட்டு அண்ணாச்சி. நான் பக்கத்துல குந்திகினு வர்றேன்" என்று ஏறிக்கொண்டாள்.

எண்ணூர் சாலையில் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகும் ட்ரெய்லர்கள் சாரைசாரையாக ஊர்ந்தன. ஒன்றின் பின்னால் வந்ததும் அண்ணாச்சி பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினார். வண்டி முனகியது.

"பாத்தியா?"

ஹஃப்சா சாலையைப் பார்க்கவில்லை; அவர் காலைப் பார்த்தாள். செருப்பு பாதி புதைந்திருந்தது. புதைந்த இடம் தேங்காய் நார் மிதியடி. அண்ணாச்சியின் சொந்தக் கடைச் சரக்கு, இருப்பதிலேயே தடிமனானது. பெடல் அதில் முட்டி நின்றது. வண்டி ஷெட்டுக்குள் வந்தாலே, கிரீஸ் பட்டுவிடுமே என்று அந்த மிதியடியைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டுத்தான் வேலை பார்ப்பாள், ஓட்டியும் பார்ப்பாள். டெலிவரி கொடுக்கும்போது மரியாதையாக விரித்தும் விடுவாள்.

"ஓரங்கட்டு!" என்று கத்தினாள்.

வண்டி நின்றதும் மிதியடியை உருவிப் பின்சீட்டில் எறிந்தாள்.

"ஏய்! கடையில நம்பர் ஒன் சரக்கு அது!"

"சரக்கு நல்லாதான் கீது. அதுதான் பேஜாரே. உன் காலை அடிவரைக்கும் போக வுடல. கம்பி மேல ஒரு குத்தமும் இல்ல. மெத்தைய எடுத்துட்டு எடுத்துட்டு செக் பண்ணேன் பாரு, அதுதான் என் தப்பு. எடு வண்டிய."

அடுத்த ட்ரெய்லரின் பின்னால் வலப்பக்கம் காலியானது. அண்ணாச்சி அமுக்கினார். அரை நொடி ஒன்றுமில்லை. பிறகு கியர் இறங்கியது தொடை வரை தெரிந்தது. வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. ட்ரெய்லர் பின்கண்ணாடியில் சிறுத்துப் போனது.

"எம்மா! எம்மா!" என்றார் அண்ணாச்சி.

அவரை மறுபடி ஓரங்கட்டச் சொல்லி, இறங்கி பானெட்டைத் திறந்தாள். கம்பி தான் பூட்டிய இடத்தில் அப்படியே நின்றது. கல்யாணப் பெண்ணைப் பார்ப்பது போல அதை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

அதற்குள் அண்ணாச்சியின் ஃபோன் அடித்தது. "திருமுருகா, இஞ்சினை வேற எவனுக்காவது குடுத்துரு" என்றார். "இது ஹஃப்சா பூட்டுன வண்டிடே. இதுல நீ கை வைக்க முடியாது." சொல்லிவிட்டு, கேட்டாளா என்று ஓரக்கண்ணால் பார்த்தார்.

கேட்டாள். கேட்காதவள் போல பானெட்டை அடைத்தாள். பின்னால் விட்டுவந்த ட்ரெய்லர் ஹாரன் அடித்துக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனது.

"பாத்தியா, நம்மள தாண்டிட்டான்" என்றார் அண்ணாச்சி.

ஹஃப்சா டிரைவர் பக்கக் கதவைத் திறந்தாள். "நவுரு அண்ணாச்சி. அவன இந்தத் தபா நான் புடிக்கிறேன்."