சதுரங்கப்பட்டினத்து மணலில் கிடைத்த பேனா

குழாயடியில் என் மைப்பேனாவைப் பிரித்துக் கழுவிக்கொண்டிருந்தேன். பின்பக்கத் திருகைத் திருப்பியதும் பிஸ்டன் தண்ணீரை உறிஞ்சும் மெல்லிய சத்தம் கேட்டது. அது என்னைச் சிறுவயதில் நாங்கள் குடியிருந்த அணுபுரம் குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுபோய்விட்டது.

தொண்ணூறுகளின் கடைசி. சதுரங்கப்பட்டினம் கடற்கரை மணலில் கிடந்த இதே மாதிரிப் பேனா ஒன்றை அப்பா எடுத்து வந்திருந்தார். ஞாயிறு காலை வாசலில் செய்தித்தாளை விரித்து, நிப், அதன் அடியில் உள்ள நாக்கு, பிஸ்டன் என்று தனித்தனியாகப் பிரித்து, உப்புப் போகக் கழுவினார். பிஸ்டனுக்கு வாஸ்லின் தடவித் திரும்பப் பூட்டி அவர் மை நிரப்பியபோது, மீன் விற்கும் முனியம்மா வந்து கூடையை இறக்கினார்.

"இது எங்கண்ணன் பேனா சார். மூடியில அவன் கடிச்ச தடம் அப்டியே கீது," என்றார்.

அவருடைய அண்ணன் எல்லப்பன் படகு கவிழ்ந்து கடலோடு போனவர். உடல் கிடைக்கவில்லை.

அப்பா உடனே பேனாவை நீட்டினார். முனியம்மா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"வாணாம் சார். அவன் வருவான்னு எங்கம்மா இன்னும் சோறு எடுத்து வெச்சிகினு கீது. இதப் பாத்தா தாங்காது. அவன் பேர மட்டும் எழுதிக் குடு."

செய்தித்தாளின் ஓரத்தில் அப்பா 'எல்லப்பன்' என்று எழுதினார். கடைசி எழுத்தின் வால் நீண்டு வளைந்து, பெயருக்கு அடியில் கோடாக ஓடியது. அப்பா அப்படி எழுதி நான் பார்த்ததே இல்லை.

"படகுல அவன் இப்டித்தான் எழுதி வெச்சிருந்தான்," என்றார் முனியம்மா. அந்த ஓரத்தைக் கிழித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

அப்பா பேனாவை மூடி வைத்தார். வெகுநேரம் கழித்து அம்மாவிடம், "அந்தக் கோட்டை நான் போடல," என்றார்.