ஈரத் துணியில் தேடியது

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவருக்கு உதறியார் என்று பெயர். ஆபரேஷன் அறையிலிருந்து வரும் மூட்டையை அவிழ்த்து, ஒவ்வொரு துணியாக உதறிப் பார்த்த பிறகே இயந்திரத்தில் போடுவார். கத்தரி விழுந்திருக்கிறது, இடுக்கி விழுந்திருக்கிறது, ஒருமுறை யாருடைய மூக்குக்கண்ணாடியோ விழுந்தது. "வீட்டுலயும் போர்வையை உதறாம மடிக்க மாட்டாரு. என்னை எப்ப உதறப் போறாரோ!" என்பாள் மனைவி.

அவள் தம்பிக்கும் அங்கேதான் வேலை. அன்று உதறியார் டீ குடித்துவிட்டு வருவதற்குள், ஒத்தாசை செய்வதாக நினைத்துப் புது மூட்டையை அப்படியே இயந்திரத்தில் கொட்டி ஓடவிட்டிருந்தான். அவர் வாயைத் திறப்பதற்குள் ஃபோன் அடித்தது. ஆபரேஷன் அறை நர்ஸ்.

"அண்ணா, வயித்துக்குள்ள வைக்கிற பஞ்சுத்துணில ஒண்ணு குறையுது. எண்ணி முடிக்கறதுக்குள்ள மூட்டைய அனுப்பிட்டாங்க. அங்க இருக்கா பாருங்க. எக்ஸ்ரேல பாக்கலாம்னா அந்த வண்டி வேற ரிப்பேர். அந்தம்மாவுக்கு பிரஷர் எறங்குது, சீக்கிரம் தைக்கணும்ங்கறார் டாக்டர்."

உதறியார் ரிசீவரை அலமாரியில் வைத்தார். இயந்திரத்தை நிறுத்தி, தண்ணீரை வடித்து, கனத்துப்போன துணிகளைத் தரையில் இழுத்துப் போட்டார்.

"ஈரத்துல துணியோட துணியா ஒட்டிக்கும் மாப்ள. மடிப்பு மடிப்பா பிரி."

"இருக்குன்னு சொல்லிடுங்க மாமா. அவங்களும் நிம்மதியா தைப்பாங்க. எங்க போயிடப் போகுது?"

"எங்க போகும்? அந்தம்மாகூட வீட்டுக்குப் போகும்."

மச்சான் ஒரு துணியை இழுத்துப் பிரித்தான். இருவரும் முட்டிபோட்டுத் தேடினார்கள். வடிகட்டியைக் கழற்றினால் வெறும் நூல் பிசிறு. உதறியார் தலையை உள்ளே விட்டு, உருளையைச் சுற்றிக் கையால் தடவினார். தான் தவறவிட்டிருந்தால் ஒரு வயிற்றை வீணாகக் கிளறுவார்கள். மறுபடியும் தடவிவிட்டு ரிசீவரை எடுத்தார்.

"இங்க இல்லம்மா."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா இல்ல. தைக்க விடாதீங்க."

அந்தப் பக்கம் யாரோ சலித்துக்கொண்டார்கள். பிறகு கருவிகள் தட்டில் மோதும் சத்தம் மட்டும் வந்தது. சட்டையிலிருந்து தண்ணீர் சொட்ட, அவர் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றார்.

"கெடைச்சிடுச்சுண்ணா! குடலுக்குப் பின்னால ஒளிஞ்சிருந்துச்சு."

உதறியார் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மச்சான் பக்கத்தில் வந்து குந்தினான்.

"ஒருவேளை நாம பாக்காம விட்டு, இங்கயே இருந்திருந்தா மாமா?"

"கொஞ்சம் வீணா தேடியிருப்பாங்க, ஆனா அந்தம்மா வயித்துல ஒண்ணும் தங்காது. நமக்குத்தான் திட்டு."