முப்பத்திரண்டு காலிக் கட்டங்கள்

"இப்ப எங்க இருக்கோம்?"

ஒத்திகையில் தன் முறை வருவதற்குள், எங்கள் இசைக்குழுவில் பாட வந்திருக்கும் அக்கா மூன்று தடவையாவது திரும்பி என்னிடம் கேட்டுவிடுவார். நான் அவருக்கு நேர் பின்வரிசையில் டிராம்போன் ஊதுகிறவன். பாட்டில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று என் தாளில் விரல் வைத்துக் காட்டுவேன். எட்டிப் பார்த்துவிட்டு, "சரி சரி" என்பார். ஒரு 'சரி' என்றால் புரிந்துவிட்டது. இரண்டு என்றால் இல்லை.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது வேலை. யாரோடு பேசினாலும் முகத்தை விட்டுவிட்டு முதலில் மூக்கைத்தான் பார்ப்பார். பேச்சுக்கு நடுவே கையை நீட்டி, சரிந்திருக்கும் ஃபிரேமை நிமிர்த்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வார். எங்கள் குழுவில் கண்ணாடி போட்ட ஒன்பது பேருக்கும் இந்த அனுபவம் உண்டு.

சின்ன வயதில் பதினோரு வருஷம் முறையாகப் பாட்டு கற்றவர். கல்யாணம், இரண்டு பிள்ளைகள், வேலை என்று மேடை தட்டிப்போயிற்று. தேய்க்கும் இயந்திரத்தின் ரீங்காரத்தைச் சுருதியாக வைத்துக்கொண்டு தனக்குள் பாடுவதோடு சரி. மூன்று மாதம் முன்பு கண்ணாடி வாங்க வந்த ஒருவர் அதைக் கேட்டுவிட்டுப் பின்னறைக்குள்ளேயே நுழைந்துவிட்டார். பத்தொன்பது பேர் கொண்ட எங்கள் ஜாஸ் குழுவின் நடத்துநர் அவர். கர்நாடக இசையையும் ஜாஸையும் சேர்த்து ஒரு நீண்ட உருப்படி எழுதிவிட்டுப் பாட ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

"நடத்துநரா? டிக்கெட் கிழிப்பாரா?" என்றாராம் அக்காவின் கணவர், லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். எங்கள் சாக்ஸபோன்காரர் பகலில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார் என்று தெரிந்ததும் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஓட்டுநரும் இருக்காரா? அப்ப தைரியமா ஏறு."

அக்கா ஏறினார். குழப்பம் முதல் தாளிலேயே தொடங்கியது. மற்றவர்கள் தாளெல்லாம் எறும்பு மொய்த்த மாதிரி இருக்க, அவர் தாளில் முப்பத்திரண்டு தாளக் கட்டங்கள் ஒரு சுரம்கூட இல்லாமல் காலியாகக் கிடந்தன.

"சார், இங்க எழுத மறந்துட்டீங்க."

"மறக்கலம்மா. அது உங்க இடம். தோணினதைப் பாடுங்க."

"எந்த ராகம்?"

"உங்க இஷ்டம்."

கற்பனையாகப் பாடுவது அக்காவுக்குப் புதிதல்ல. மோகனத்தை எடுத்தார். ஐந்தே சுரம், நன்கு பழகியது. நாலு கட்டம் அழகாகப் போயிற்று. ஐந்தாவதில் பியானோ அடியில் வேறு சுரங்களுக்கு நகர்ந்தது. அதே தொண்டை, அதே காந்தாரம்; ஆனால் யாரோ தெரியாதவர் வீட்டுக் கதவைத் தட்டியது போல் ஒலித்தது. அக்கா நிறுத்திவிட்டார்.

"ராகம் என் இஷ்டம்னீங்க. கீழ மாறிக்கிட்டே இருக்கே, அது யார் இஷ்டம்?"

குழுவே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. அவர் உண்மையிலேயே பதில் எதிர்பார்த்தார்.

நாலாவது ஒத்திகையில் விஷயம் முற்றியது. அக்கா ராகத்தில் ஒரு சின்னப் பிடியைப் பாடி நிறுத்த, சாக்ஸபோன்காரர் அதையே திருப்பி வாசித்தார். கடைசியில் மட்டும் வாலை முறுக்கி, மோகனத்தில் இல்லவே இல்லாத ஒரு நிஷாதத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். அக்கா இன்னொன்று பாடினார். அதற்கும் அதே வால். அக்காவின் முகம் சுருங்கியது. தாள்களைப் பைக்குள் திணித்தார்.

"கேலி பண்ண வேற ஆளைப் பாருங்க."

கதவு சாத்திக்கொண்டது. சாக்ஸபோன்காரர் கருவியைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நின்றார். "பிடிச்சிருந்துச்சு, அதான் வாசிச்சேன்" என்று எல்லோரிடமும் மாறி மாறிச் சொன்னார். கச்சேரிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

மறுநாள் கடைக்குப் போனேன்.

"அக்கா, ஒருத்தர் பாடினதைத் திருப்பி வாசிக்கிறது எங்ககிட்ட மரியாதை."

"எங்ககிட்டயும்தான். வயலின்காரர் வாசிப்பாரு. ஆனா நான் பாடினதை வாசிப்பாரு. இவர் நான் பாடாததை வாசிக்கிறாரே?"

"அது அவரோட பதில்."

"நான் கேள்வியே கேக்கலையேப்பா!"

அக்கா ஒரு லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே, வேறு யாருக்காகவோ கேட்பது போல் கேட்டார்.

"அந்த நிஷாதம்... தப்பா விழுந்ததா, வேணும்னே வச்சதா?"

"வேணும்னே."

"ரெண்டு தடவையுமா?"

"ரெண்டு தடவையும்."

இயந்திரத்தைப் போட்டுவிட்டார். அடுத்த ஒத்திகைக்கு வந்தார். விளக்கம் எதுவும் இல்லை. சாக்ஸபோன் பக்கம் திரும்பாமலே பாடினார். என்னிடம் இடம் கேட்பது மூன்றிலிருந்து ஏழு தடவையாகக் கூடியது.

கச்சேரி அன்று அரங்கில் நானூறு பேர். வேலையிலிருந்து நேராக வந்த கணவர் மூன்றாவது வரிசையில், எண்ணெய்க் கறை போட்ட சீருடையில். முப்பத்திரண்டு கட்டங்கள் வந்தன. அக்கா மோகனத்தில் ஒரு பிடி பாடினார். சாக்ஸபோன்காரர் திருப்பினார். கை தானாகவே பழகிவிட்டதோ என்னவோ, அதே நிஷாதத்தில் போய் நின்றார். நின்ற பிறகு அவர் கண் அகலமாகிவிட்டது.

அக்கா பாடவில்லை. ஒரு கட்டம் காலியாகப் போயிற்று. இரண்டு, மூன்று. எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் அந்த நிஷாதத்தைப் பாடினார். சும்மா தொட்டுவிட்டுப் போகவில்லை. பிடித்து நீட்டிக்கொண்டே இருந்தார், ஏதோ விலாசத்தைச் சரிபார்க்கிற மாதிரி. பியானோ அடியில் நகர்ந்தது. சுரம் அசையவில்லை. இரண்டும் பொருந்திவிட்டன. யாரும் எதிர்பாராத இடத்தில், பாட்டு பாதியில் இருக்கும்போதே, அரங்கம் கைதட்டியது.

அக்கா பதறி, கைகூப்பி, தாளைச் சேகரிக்கத் தொடங்கினார்.

"முடிஞ்சுதா?"

"இல்லக்கா. சார் விரலைச் சுத்துறார் பாருங்க. இன்னொரு முப்பத்திரண்டு பாடச் சொல்றார்."

"எதுக்கு? என்ன தப்பு பண்ணினேன்?"

பதில் சொல்ல நேரமில்லை. டிரம்ஸ் ஏற்கெனவே எண்ணத் தொடங்கிவிட்டது. அக்கா தாளைப் பார்த்தார், நடத்துநரைப் பார்த்தார், நானூறு பேரையும் பார்த்தார். முகத்தில் தெளிவு என்று எதுவும் இல்லை. சட்டென்று எழுந்து, தன் நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கி, சபைக்கு முதுகைக் காட்டி, சாக்ஸபோன்காரருக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டு, கேள்வி கேட்கப் போகிறவர் மாதிரி உட்கார்ந்தார்.